இல்லை என்று சொல்லும்வரை

ரோஸியும் அவள் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு கம்பளியைப் பிழிந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்திருந்தது. சென்னை பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், அம்மா ஊறவைத்திருந்த கம்பளியை ரோஸி கல்லில் போட்டுத் துவைத்தாள். தண்ணீர் குடித்த கம்பளி ஓர் ஆள் கனம் கனத்தது. அப்பா கிருபாகரன் சுவரைத் தடவிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, "ஒரு முனையை இப்படிக் குடு" என்று கையை நீட்டினார். கண் முழுதும் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது அவருக்கு.

இருவரும் எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். கம்பளி முறுக்கேறவே இல்லை.

"எந்தப் பக்கம்டி சுத்தற?"

"இடது."

"நான் வலது பக்கம் சுத்தறேன், நீ இடது பக்கம் சுத்தினா எப்படி முறுக்கேறும்? எதுத்தாப்புல நிக்கிற. நீயும் உன் வலக்கைப் பக்கமே சுத்து. இன்ஜின் கணக்கா மெஷின் எல்லாம் ஓட்டறியாம் ஆஸ்பத்திரியில."

அவள் சிரித்துவிட்டு மாற்றிச் சுற்றினாள். இருவர் காலிலும் தண்ணீர் கொட்டியது. கொடியில் போட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார்.

ரோஸி கண் பரிசோதனை படித்தவள். எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்பதை அளந்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அழுது பழக்கமில்லை. அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்வாள். அவள் சொல்வது இதுதான்.

கிருபாகரன் ஆரணி பக்கம் சேவூரில் பட்டு நெய்தவர். முன்னறையில் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். மனைவி ஃப்ளோரன்ஸ் பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும், நூல் சுற்றிய சிறு குழலுக்குத்தான் அங்கே தார் என்று பெயர். தெருவில் பெரும்பாலும் இந்து நெசவாளர்கள். இவர்கள் சபைக்குப் போகிறவர்கள். அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. மழைக்காலத்தில் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஈரமாகிவிட்டது என்று எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல்தான்.

தொண்ணூற்று நாலாம் வருஷ வாக்கில் அவர் இடப்பக்கம் வருகிறவர்கள்மேல் இடிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த முனியம்மாளின் குடத்தை உதைத்துத் தள்ளிவிட்டார். பக்கத்து வீட்டு கந்தசாமி தன் தறியிலிருந்தே கத்தினார்: "இன்னா கிருபா, கோயில்ல குடுக்கிற திராட்சரசத்தை வீட்டுக்கே வாங்கியாந்துட்டியா?"

தெரு சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வருஷம் நெய்த துணியைச் சுருட்டும் படமரத்தின் ஓரம் மங்கலாகத் தெரிகிறது என்றார். அதற்கு அடுத்த வருஷம் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். ரோஸியும் கூடப் போனாள். டாக்டர் தமிழில் நிதானமாகச் சொன்னார்: கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது. போனது திரும்பாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து கொஞ்ச காலம் காப்பாற்றலாம்.

கிருபாகரன் இரண்டையும் செய்தார். சொட்டு மருந்தும் விட்டார், ஜெபமும் பண்ணினார்.

அவர் ஜெபம் கேட்பதற்கு ஒன்றும் அழகாக இருக்காது. சபையில் சிலர் ஜெபித்தால் பந்தல் போட்டுத் தோரணம் கட்டியதுபோல் இருக்கும். இவர் காலையில் தறிக்குள் இறங்குமுன் பாவின் மேல் கையை வைத்து, "கர்த்தாவே, கண்ணைத் தாரும்" என்பார். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டதா என்று கேட்கிறவர் குரல். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு இறங்கி நெய்வார். வெள்ளிக்கிழமை உபவாசம். கண்ணமங்கலத்தில் ஒரு ஜெபவீட்டில் எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள் என்றால் அங்கேயும் போய் வருவார். மறுநாள் காலை மறுபடியும் பாவின் மேல் கை. ஒரு நாளும் விட்டதில்லை. காய்ச்சலில் படுத்த நாளிலும் பாயை விட்டு எழுந்துவந்து தறியைத் தொட்டுக் கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

ரோஸி பள்ளிக்கூடம் முடித்ததும் கண் சம்பந்தமான டிப்ளமோவில் சேர்ந்தாள். யாரும் சொல்லிச் சேரவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

அவள் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதல் பங்கைச் சபைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை வாசலில் ஏலம் விடுவார்கள். நிலம் இல்லாதவர்களும் கூரையில் காய்த்த எதையாவது கொண்டுவருவார்கள். கிருபாகரன் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, அங்கேயே திரும்பி நின்று சாட்சி சொன்னார்.

"கர்த்தர் எனக்குக் கண்ணைத் திருப்பிக் குடுத்துகினு வர்றார். ரெண்டு மாசமா பார்க்கிறேன். கத்திரிப்பூ நூலு வேற, அரக்கு நூலு வேறன்னு தறியில கரெக்டா எடுக்கிறேன். முன்னே தடுமாறுவேன். இப்போ ஒரு நாளும் மாறலை. அவருக்கே ஸ்தோத்திரம்."

சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. ஆயருக்குக் கண் கலங்கியது. ரோஸி பக்கத்தில் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் தலையைத் தூக்கவே இல்லை.

ஏலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு பூசணிக்காய்க்குக் கிருபாகரன் உற்சாகமாக விலை கேட்டார். இரண்டு பேர் போட்டிக்கு வந்தும் விடாமல் கேட்டு எடுத்தார். சபை மூப்பர் சின்னப்பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ் கிருபா, உன் பூசணிக்காயை நீயே ஏலம் எடுத்துட்டியேய்யா! திருப்பி எடுக்கணும்னா முதல்லயே கொண்டாராம இருந்திருக்கலாமே!" அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸி அம்மாவைப் பின்கட்டுக்கு இழுத்துப்போனாள்.

"இன்னாம்மா இதெல்லாம்? அது திரும்பாது. எங்க பாடத்துலயே இருக்கு."

ஃப்ளோரன்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வலது டப்பாவுல கத்திரிப்பூ வைப்பேன். இடது டப்பாவுல அரக்கு. இடம் மாத்தறதே இல்ல. அவர் கையை நீட்டி எடுக்கறார். கண்ணால இல்ல."

"அவர்கிட்ட சொல்லலியா?"

"மாறிப்போச்சுன்னு ஒரு நாள் தலையில அடிச்சிகினு அழுதார். பார்க்க முடியல. அதான் பிரிச்சு வெச்சேன். இப்படிப் போய்ச் சபையில நிப்பார்னு நான் கண்டனா? நீ சொல்லு. நீதான் படிச்சவளாச்சே."

ரோஸியும் சொல்லவில்லை.

ஒரு மாதம் போல் ஓடியது. கண்ணமங்கலத்தில் ஃப்ளோரன்ஸின் தங்கைக்குப் பிரசவம். ஃப்ளோரன்ஸ் போய்த் தங்கவேண்டியதாகிவிட்டது. தறியில் ஒரு சேலை பாதியில் நின்றது. உடல் கத்திரிப்பூ, முந்தானை அரக்கு. தார் சுற்ற முனியம்மாள் வந்தாள். நல்ல கை. மடமடவென்று சுற்றினாள். எதற்கு இரண்டு டப்பா என்று எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவைத்தாள். கிருபாகரன் கையை நீட்டினார், எடுத்தார், நெய்தார். நெய்த துணி அவ்வப்போது படமரத்தில் சுருட்டிக்கொள்ளும். சேலையை அறுத்து இறக்குகிறவரை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க உற்சாகமாகப் பாடிக்கொண்டே நெய்தாராம்.

மடித்த சேலையோடு அவரை மொபெட்டில் உட்காரவைத்து ஆரணிக்குக் கூட்டிப்போனவர் கந்தசாமி. அங்கே நடந்ததைக் கந்தசாமிதான் ரோஸிக்குப் பிறகு சொன்னார்.

பாவு கொடுத்து நெய்து வாங்கும் தனசேகரன், சேலையை ஜன்னலண்டை விரித்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இன்னா கிருபா, புது டிசைனா இது?"

"இன்னா முதலாளி?"

"கத்திரிப்பூவுல அரக்கு பட்டை பட்டையா ஓடுதே. இங்க ஒண்ணு. தோ, இங்க ஒண்ணு. சாட்டையால அடிச்ச மாதிரி. நெய்யறப்போ பார்க்கலியா நீ?"

கிருபாகரன் சேலையை வாங்கி முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "எந்த இடம்?" என்றார்.

தனசேகரன் அப்போதுதான் அவர் கண்ணைக் கவனித்தார். அவர் விரலைப் பிடித்து அந்தப் பட்டையின் மேல் வைத்தார். விரல் முன்னும் பின்னும் போனது. அரக்கும் பட்டு, கத்திரிப்பூவும் பட்டு. விரலுக்கு என்ன தெரியும்?

"உடு கிருபா. உள்ளூர்ல தள்ளிவிட்டுக்கலாம். மனுஷன் கை தவறறதுதான்" என்றார் தனசேகரன்.

சேவூர் திரும்பி இறங்கியதும் கிருபாகரன் கந்தசாமியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கந்தா, சபையில நின்னு சொல்லிட்டனே" என்றார். சேலை கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த வாரக் கடைசியில் ரோஸி ஊருக்கு வந்தாள். ஃப்ளோரன்ஸும் வந்துவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசித்து முடித்ததும் கிருபாகரன் எழுந்தார். "ஐயா, ஒண்ணு சொல்லணும்." ஆயர் இன்னொரு சாட்சி என்று நினைத்து, "வாங்க, வாங்க" என்றார். பெஞ்சுகளின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு முன்னால் போனார்.

"அறுப்பின் பண்டிகை அன்னிக்கு, கர்த்தர் கண்ணைக் குடுத்தார்னு இங்கியே நின்னு சொன்னேன். அது சரியில்ல. அவர் குடுக்கலை. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். இன்னும் கேட்டுகினுதான் இருக்கேன். குடுத்தா வந்து சொல்றேன். ஸ்தோத்திரம்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. சொன்ன சாட்சியைத் திருப்பி எடுத்தவரை அந்தச் சபை அதுவரை கண்டதில்லை. ஆயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு காணிக்கைப் பாட்டை ஆரம்பித்தார்கள்.

வாசலில் சின்னப்பையன் மடக்கினார். "விசுவாசம் குறைஞ்சா தனியா ஐயாகிட்ட சொல்லணும்பா. இப்படியா நடுச்சபையில உடைப்பே? புதுசா வர்றவன் இன்னா நினைப்பான்?"

"குடுக்காததைக் குடுத்தார்னு சொன்னா, அவர் பேர்ல நான் பொய் சொன்னதா ஆவாதாண்ணே?"

"இன்னும் கொஞ்சம் நம்பியிருந்தா குடுத்திருப்பார்."

கிருபாகரன் ரோஸியின் தோளில் கையை வைத்து, "நடடி" என்றார்.

மறுநாள் காலை பாவின் மேல் கையை வைத்து மறுபடியும் கேட்டார். அதே குரல்.

படிப்பு முடிந்து ரோஸிக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. விடுமுறையில் வந்தபோது ஒரு தடவை அவரை எதிரே உட்காரவைத்துத் தன் விரல்களை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து சோதித்தாள். நடுவில் ஒரு சாவித்துவாரம் அளவுதான் மிச்சம் இருந்தது. அவள் சொல்லிவிட்டாள்.

"அப்பா, நரம்பு செத்துப்போச்சு. இருக்கறதும் போயிடும். திரும்பாது."

"தெரியும்டி. வேலூர் டாக்டர் அன்னிக்கே சொன்னாரே."

"தெரிஞ்சுகினே ஏன் கேக்கற?"

"நீ சின்ன வயசுல சைக்கிள் கேட்டே, ஞாபகம் இருக்குதா? பெரிய பேஜாரு. காலையில கேப்பே, சாயந்திரம் கேப்பே, சோறு தின்னும்போது கேப்பே. நான் பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்லிகினு இருந்தேன். கடைசியில ஒரு நாள் உக்காரவெச்சு, இல்லம்மா, அப்பாவால முடியாதுன்னேன். அழுதே. அப்புறம் கேக்கல. அதே மாதிரிதான். எனக்கு அவர் இன்னும் இல்லன்னு சொல்லலியே. சொல்லட்டும், நிறுத்திக்கிறேன்."

"டாக்டர் சொன்னது போதாதா?"

"டாக்டர் கிட்ட நான் கேக்கலியேம்மா."

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு காலை அவர் பாயில் எழுந்து உட்கார்ந்து, "இன்னும் விடியலியா?" என்று கேட்டார். ஃப்ளோரன்ஸ் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். வெயில் அவர் முகத்தின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அவரே கையைத் தூக்கி முகத்தின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லப் படுத்துவிட்டார்.

அன்று தறிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பாவின் மேல் கை வைக்கவில்லை. ரோஸி வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"இல்லன்னுட்டார்டி" என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவர் சபைக்குப் போகவில்லை. ஆயர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர், எதையும் விளக்கப் பார்க்கவில்லை. டீ குடித்துவிட்டு, மழை நின்றதும் போனார். கந்தசாமி வந்து, "கிருபா, வேணும்னா எங்க அம்மனுக்கு ஒரு தபா வேண்டிக்கிறேன்யா, உன் சாமி கோச்சுக்குமா?" என்று பாதி வேடிக்கையாகவும் பாதி அழுகையாகவும் கேட்டார். அவர் கந்தசாமியின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

ஆண்டவர் மேல் கோபமா என்று ரோஸி ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

"முதல்ல இருந்தது. இப்போ அது இல்ல." என்றார். "இத்தினி வருஷமா தினம் காலையில போய் அவர்கிட்ட ஒண்ணு கேட்டுகினு இருந்தேன். கேட்டுக் கேட்டு ஒரு ஆளோட பழகிப்போச்சு. இப்போ கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எழுந்தா, அவர்கிட்ட இன்னா பேசறதுன்னே தெரியல."

ரோஸியின் படிப்பில் அதற்கு மருந்து கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

வீடு நடக்கவேண்டுமே. ஃப்ளோரன்ஸ் தறிக்குழிக்குள் இறங்கினாள். பார்த்துப் பார்த்தே பாதி வேலை தெரிந்திருந்தது. மீதியைக் கந்தசாமி காட்டிக்கொடுத்தார். தார் சுற்ற ஆள் இல்லை. ஒரு நாள் ராட்டைச் சத்தம் கேட்டுத் திரும்பியவள், கிருபாகரன் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நூல் அறுந்தால் நாக்கால் நனைத்து, தடவி, முடிபோட்டார்.

"இது இன்னா கலரு?" என்று கேட்டார்.

"அரக்கு."

"அப்போ இடது டப்பா."

ஃப்ளோரன்ஸின் கால் தறியின் மிதிகட்டையிலேயே நின்றுவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"தனசேகரன் வீட்டுலியே தெரிஞ்சுபோச்சு. நீ ஊர்ல இல்லாதப்போ மாறினா வேற இன்னா அர்த்தம்? நான் அவர்கிட்ட கேட்டுகினு இருக்கேன், நீ நடுவுல பூந்து பதில் சொல்லிட்டியேடி!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் சிரித்தார், பிறகு அவரும் அழுதார். இதை அம்மா சொன்னபோது, எவ்வளவு நேரம் அழுதார்கள் என்று கேட்கத் தோன்றியது ரோஸிக்கு. கேட்கவில்லை.

அதற்குப் பின் காலையில் ராட்டைக்கு முன்னால் அவர் மெதுவாகப் பேசுவது அம்மாவுக்குக் கேட்கும். கண்ணைப் பற்றி இருக்காது. "இன்னிக்கு ஃப்ளோரன்ஸ் முந்தானை நெய்ய ஆரம்பிக்கிறா. கந்தசாமி பொண்ணுக்கு இருமல் நிக்கல. ரோஸி போன் பண்ணல, வேலை போலிருக்குது." எதுவும் கேட்பதாகவே தெரியாது. "சேதி சொல்லிகினு இருக்கார்" என்பாள் ஃப்ளோரன்ஸ். சபைக்கும் போக ஆரம்பித்தார். சாட்சி சொல்ல அவர் மறுபடி எழுந்ததில்லை. ஆனால் சபையில் யாராவது உடம்பு முடியாமல் கிடந்தால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். சின்னப்பையன் மனைவி படுத்தபோது சின்னப்பையனே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அங்கே போய் அவர் அதிகம் ஜெபித்ததில்லை. சும்மா உட்கார்ந்திருப்பார் என்று சொல்வார்கள்.

அவர் போன மறுநாள், புதன்கிழமை, அடக்கம் நடந்தது. வெள்ளிக்கிழமை மதியம் தெரியாத ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்று, "கண்ணு தெரியாத ஐயா வீடு இதானுங்களா?" என்று கேட்டாள். சந்தவாசலிலிருந்து வருகிறாள், பெயர் குணசுந்தரி. ரோஸி விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஃப்ளோரன்ஸ் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, டீ போட்டாள்.

அவள் புருஷன் சடையன். சர்க்கரை வியாதியில் கண் போய்க்கொண்டிருக்கிறது. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு வருஷமாக மொட்டையும் விரதமுமாக இருக்கிறார். போன வாரம் ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஐயாவும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்திருக்கிறது.

"இவர் கேட்டாருங்க. நீ உன் சாமிகிட்ட எத்தினி வருஷம் கேட்டே, அப்புறம் எப்படி விட்டே, விட்டப்புறம் எப்படி இருக்கேன்னு. அதுக்கு ஐயா, இதைப் பஸ் ஸ்டாண்டுல சொல்ல முடியாது, புதன்கிழமை உங்க ஊருக்கே வர்றேன், ஸ்டாப்புல நில்லுன்னாரு. இவர் அன்னிக்குக் காலையில முதல் பஸ்ஸுல இருந்து அங்கதான் உக்காந்திருந்தாரு. சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரலை. நேத்தும் போனாரு. இன்னிக்கும் போயிட்டாரு. அதான் நான் கேட்டுகினு வந்தேன்."

ரோஸி அம்மாவைப் பார்த்தாள். புதன்கிழமை சந்தவாசல் போகவேண்டும் என்று மட்டும் அப்பா சொல்லியிருந்தாராம். எதற்கு என்று சொல்லவில்லை.

டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள் குணசுந்தரி. போளூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். வாசற்படியில் இறங்கியவள் திரும்பி நின்றாள்.

"ஐயா இன்னா சொல்றதா இருந்தாருன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுங்களாம்மா?"

"தெரியாதுங்க" என்றாள் ரோஸி.